இரண்டு பிரேக் பேடும் ஒரு ரப்பர் மேட்டும்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் என் வீட்டுக்காரியும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய்? அத்தானின் முழங்கால் இந்தக் குளிரில் இன்னும் முனகுகிறதா, இல்லை வாயை மூடிக்கொண்டதா? கேட்டதாகச் சொல்.

போன வாரம் நாம் ஃபோனில் பேசியது மூன்று நிமிடம். நலம் விசாரிப்பு அரை நிமிடம், சண்டை இரண்டரை நிமிடம். கடைசியில் அத்தான் உன் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கி, "கார் விஷயம்னா இனிமே ரெண்டு பேரும் கடுதாசி போட்டுக்குங்க. எனக்குக் காது வேணும்" என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாதே.

விஷயத்துக்கு வருகிறேன். என் கார் கம்பெனியிலிருந்து வந்தபோது எண்பது குதிரைச் சக்தி. டர்போ வைத்து, என் பட்டறை லேத்திலேயே கடைந்த சாமான்களைப் போட்டு, இப்போது இருநூறு. நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட ஆறு விநாடி. ஆனால் பிரேக் மட்டும் பழசு. முன் சக்கரங்களுக்குப் பெரிய டிஸ்க்கும், அதைக் கவ்வ நாலு பிஸ்டன் காலிப்பரும் போடலாம் என்று பார்க்கிறேன். எந்த அளவு வாங்கட்டும்? பிரேக் பேட் கம்பெனியின் சோதனை அறையில் பத்தொன்பது வருஷமாகக் குப்பை கொட்டுகிறவள் நீ. உன்னைவிட்டு வேறு யாரைக் கேட்பேன்?

இப்போது இருக்கிற பிரேக்கில் குறை ஒன்றும் இல்லை. எஞ்சினுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

அவள் தையல் யூனிட்டுக்கு இப்போதெல்லாம் என் காரில் வராமல் பஸ்ஸில்தான் போய்வருகிறாள். அதுதான் வசதியாம்.

உடனே பதில் போடு.

உன் தம்பி

---

ஜனவரி 20

அன்புள்ள அவசரத்துக்கு,

ஏழாம் மாதமே பிறந்த உனக்கு வீட்டில் வைத்த பெயரை இன்னும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாய். நாங்கள் நலம். அத்தானின் முழங்கால் மாடிப்படி ஏறும்போது மட்டும் பேசுகிறது. உங்கள் இருவர் உடம்பும் நன்றாக இருக்கட்டும்.

யானை வாங்கினவன் அங்குசம் வாங்க மறந்த கதையாக இருக்கிறது உன்னுடையது. ஓடுகிற கார் நிற்கும்போது அந்த வேகமெல்லாம் எங்கே போகிறது என்று என்றைக்காவது யோசித்தாயா? எங்கும் போவதில்லை. சூடாக மாறி அந்த டிஸ்கில்தான் உட்காருகிறது. வேகம் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு. எண்பது குதிரைக்குச் செய்த பிரேக், பாவம், இரண்டு வருஷமாக என்ன பாடுபட்டதோ.

வாங்குவதற்கு முன் ஒரு காரியம் செய். அந்தக் காலிப்பரின் அளவுக்கு ஒரு அட்டையை வெட்டி, சக்கரத்தின் உள்ளே வைத்து இடிக்கிறதா என்று பார். அட்டை இடித்தால் கத்தரிக்கோல் போதும், இரும்பு இடித்தால் கத்தரிக்கோல் உதவாது. அப்புறம், பிரேக் மிதி எவ்வளவு தூரம் இறங்குகிறது? எப்போதாவது கருகிய வாசனை வந்ததா? பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினாய்? இப்போது முன் சக்கரம் ஒன்றில் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பேட் இரண்டையும் கழற்றி எனக்குத் தபாலில் அனுப்பு. உன் வாயைவிட அவை அதிகம் சொல்லும்.

இன்னொன்று. உன் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் தெற்கே, அவள் யூனிட் வடக்கே. வடக்கே போக வேண்டியவள் தெற்கே நடந்துபோய் பஸ் பிடிப்பதில் என்ன வசதி?

அவளை விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா

---

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். உங்கள் சுகத்துக்கு எழுது. அத்தானைக் கீழ்வீட்டுக்கு மாறச் சொல், முழங்கால் வாயடைத்துவிடும்.

அட்டையை வெட்டி வைத்துப் பார்த்தேன். இடித்தது. உன்னிடம் இதை ஒப்புக்கொள்வதற்குள் எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. பெரிய ரிம் வாங்கிவிட்டேன். டிஸ்க்கும் காலிப்பரும்கூட ஆர்டர் போட்டாயிற்று. டிஸ்க் சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிது. சிவப்புக் காலிப்பர், படத்தில் பார்க்கவே ஜம்மென்று இருக்கிறது.

பேட் இரண்டையும் இத்துடன் பார்சலில் அனுப்புகிறேன். தபால் அலுவலகத்தில் இருந்த அம்மா பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு உள்ளே என்ன என்று கேட்டார். காரை நிறுத்துகிற சாமான் என்றேன். "அப்ப உங்க கார் இப்ப எப்படி நிக்கும்?" என்றார். ஜாக்கி மேல் நிற்கிறது என்றேன். அவருக்குத் திருப்தியில்லை.

மிதி எப்போதும்போலத்தான் இறங்குகிறது. வாசனை ஒன்றும் ஞாபகமில்லை. ஆயில், கார் வாங்கியபோது இருந்ததுதான் இருக்கும் போல. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

வேறு விசேஷம் இல்லை.

உன் தம்பி

---

பிப்ரவரி 18

அன்புள்ள அவசரத்துக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்று இந்த முறை சம்பிரதாயத்துக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் உன் பேட்களை மேஜை விளக்கடியில் வைத்தேன். சோதனை அறையில் என்னோடு வேலை செய்யும் மூன்று பேரும் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர், "எந்த லாரியோடது?" என்று கேட்டார். தம்பியின் கார் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

மேல்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. விரல் நகத்தால் தொட்டால் ஓரம் உதிர்கிறது. பின்னால் உள்ள இரும்புத் தகட்டின் பெயின்ட் வெந்து வெளுத்துப்போயிருக்கிறது. ஆனால் பேட்டின் கனம் பாதிக்குமேல் மிச்சம் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறிக் கெட்ட பேட் இப்படி இருக்காது. இது ஒரே நாளில், ஒரே தடவையில், நீளமாக, காலின் முழுப் பலத்தோடு அமுக்கியது. அதற்குப் பிறகு நீ இதை அதிகம் ஓட்டவும் இல்லை. ஓட்டியிருந்தால் அந்தப் பளபளப்பு தேய்ந்திருக்கும்.

எந்த இறக்கம்? பக்கத்தில் யார் இருந்தார்கள்?

ஆயிலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாய். நீ இறக்கத்துக்குப் பதில் எழுது, நான் ஆயிலுக்குப் பதில் எழுதுகிறேன்.

இன்னும் ஒரு வேலை. பக்கத்து சீட்டின் கீழே போட்டிருக்கிற ரப்பர் மேட்டை எடுத்து வெளிச்சத்தில் பார். எங்கே தேய்ந்திருக்கிறது என்று எனக்கு எழுது. தேய்மானம் பார்ப்பதுதானே என் பிழைப்பு.

உன் அக்கா

---

மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். பட்டறையில் வேலை நெருக்கடி, அதுதான் ஆறு வாரம் எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதே. அத்தானின் முழங்கால் எப்படி?

டிஸ்க், காலிப்பர் எல்லாம் மாட்டியாயிற்று. காலிப்பருக்கு ஆயில் கொண்டுபோகிற புது ஹோஸ் வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். பழைய ஹோஸையே எப்படியோ எட்டவைத்து முடித்துவிட்டேன். புது ஆயிலும் ஊற்றியாயிற்று, நீ சந்தோஷப்படு. காற்றெடுக்கும் வேலைதான் இழுத்துக்கொண்டே போகிறது. ஆயில் குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் மிதி பஞ்சு மாதிரி அமுங்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் சீட்டில் உட்கார்ந்து மிதியை அமுக்க வேண்டும், ஒருவர் சக்கரத்துக்கடியில் படுத்துத் திருகைத் திறந்து மூட வேண்டும். பட்டறையில் வேறு ஆள் இல்லாததால் அவள்தான் வந்து உட்கார்ந்தாள்.

நான் ஸ்பானரால் ஒரு தட்டு தட்டினால் அமுக்க வேண்டும், இரண்டு தட்டு தட்டினால் விட வேண்டும். அப்படி ஒரு ஏற்பாடு. நாலு தடவை எடுத்தாயிற்று. மிதி இன்னும் லேசாக மெத்தென்று இருக்கிறது. அது ஓடினால் சரியாகிவிடும். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு தண்ணீர்த்தொட்டி இறக்கத்தில் இறக்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

மேட் பார்க்க நேரமில்லை.

உன் தம்பி

---

ஏப்ரல் 1

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறீர்களா? அண்ணனுக்கு முழங்கால் தேவலையா? நான் உங்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. உறையின் பின்னால் இருந்த விலாசத்தைப் பார்த்து எழுதுகிறேன். உங்கள் பிப்ரவரிக் கடிதத்தை நான் படிக்கவில்லை. அடுத்தவர் கடிதம் படிக்கிற பழக்கம் எனக்கில்லை. ஆனால் ரேடியோவுக்குப் பின்னால் அது ஆறு வாரமாக இருக்கிறது. உங்கள் தம்பி அடிக்கடி எடுக்கிறார், பார்க்கிறார், திரும்ப வைக்கிறார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு எழுதத் தோன்றியது.

முதலில் பிரேக். அவர் சரியாகிவிட்டது என்கிறார். என் கால் இல்லை என்கிறது. பதினாலு வருஷமாகத் தையல் மிஷின் மிதிக்கிற கால் அண்ணி இது, நூலளவு வித்தியாசமும் தெரியும். அந்த மிதி முதலில் பிடிக்கிற மாதிரி பாவனை செய்து, அப்புறம் நழுவுகிறது. சொன்னேன். ஸ்பானரால் இரண்டு தட்டு தட்டினார். அதற்கு 'விடு' என்று அர்த்தம்.

தட்டுவது எதற்கு என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். நாங்கள் பேசுவது குறைந்துபோய்விட்டது. நவம்பரில் சொந்தக்காரர் வீட்டிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். தண்ணீர்த்தொட்டி இறக்கத்தில் வேகமாக இறங்கினார். பாதியில் ஒரு வாசனை, துணியின் மேல் இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்தால் வருமே, அந்த மாதிரி. அப்புறம் அவர் முழங்கால் ஏறி ஏறி இறங்கியது. கை பிரேக்கை இழுத்தார். கார் சாலையோரம் கொட்டியிருந்த மண்குவியலில் ஏறி நின்றது. நான் உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்துவிட்டது. அவர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "பயந்துட்டியா? சும்மா வெளயாட்டுக்குத்தான் ஏத்துனேன்" என்றார்.

அரை மணி நேரம் அங்கேயே நின்றோம். பிறகு காரை எடுத்தார். பிரேக் நன்றாகப் பிடித்தது. வீடு வந்து சேர்ந்தோம்.

நான் பயந்துபோய் பஸ்ஸில் போகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். எனக்குக் காரைக் கண்டு பயமில்லை. யூனிட்டின் வேனை ஓட்டுவதே நான்தான். இந்தக் காரைத்தான் அவர் யார் கையிலும் கொடுப்பதில்லை. என் உயிரை வைத்து விளையாடிவிட்டுச் சிரித்த ஆளோடு ஒரே காரில் உட்கார எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஆளோடு ஒரே வீட்டில் இருக்கலாமா என்பதையும் சில நாள் யோசிக்கிறேன்.

ஆனால் அந்த முழங்கால் ஏறி இறங்கியது என் கண்ணிலேயே நிற்கிறது. விளையாடுகிறவன் கால் அப்படி ஆடுமா? உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. ஒரு பிரேக், அடியோடு போய்விட்டு, அரை மணி நேரத்தில் தானாகவே திரும்பி வருமா?

அன்புடன்,
உங்கள் தம்பி மனைவி

---

ஏப்ரல் 5

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததில் சந்தோஷம். அண்ணனுக்கும் படித்துக் காட்டினேன். முழங்காலை மறந்து எழுந்து நின்றுவிட்டார்.

வரும். பிரேக் போய்விட்டுத் திரும்பி வரும். பழைய ஆயில் வருஷக்கணக்காகக் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். பிரேக் கடுமையாகச் சூடானால் அந்த ஈரம் கொதித்துக் குமிழியாகிவிடும். அப்போது கால் அமுக்குவது பிரேக்கை அல்ல, குமிழியை. மிதி தரைவரை போகும், கார் நிற்காது. அரை மணி நேரம் ஆறினால் குமிழி மறைந்துவிடும், மிதி பழையபடி எழுந்து நிற்கும். அதன் பிறகு யார் ஓட்டிப் பார்த்தாலும் இதில் என்ன குறை என்றுதான் கேட்பார்கள்.

நீ கேட்ட கேள்விக்கு இது பதில். அவன் ஏன் சிரித்தான் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அதை அவன்தான் சொல்ல வேண்டும், நீதான் கேட்க வேண்டும்.

என் பங்குக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் புது எஞ்சினோடு அவன் இங்கே வந்தபோது நானும் ஏறி உட்கார்ந்தேன். தலைமுடி பறக்க, சின்னப் பெண் மாதிரி சிரித்தேன். எவ்வளவு வேகம் போகும் என்று மூன்று தடவை கேட்டேன். பிரேக்கிலேயே பத்தொன்பது வருஷம் சோறு தின்கிறவள், இது எப்படி நிற்கும் என்று ஒரு தடவை கேட்கவில்லை. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து அது என்னை அறுக்கிறது.

இப்போது அவசரமான வேலை. உன் கால் சொல்வதுதான் சரி, அந்தக் காரை யாரும் எடுக்கக்கூடாது. சாவியை நீ வைத்துக்கொள். முன் சக்கரத்தில் சிவப்பாக இருக்கிற காலிப்பரைப் பார்த்து, காற்றெடுக்கும் அந்தச் சின்னத் திருகு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று ஒரு படம் வரைந்து உடனே அனுப்பு. அழகாக இருக்க வேண்டியதில்லை.

உன் அண்ணி

---

ஏப்ரல் 5

அவசரத்துக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நன்றாக இரு.

அவள் எனக்கு எழுதினாள். ஒரு கேள்வி கேட்டாள், அதற்கு மட்டும் பதில் எழுதினேன். நீ சொல்ல வேண்டியதை நான் சொல்லவில்லை.

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். நீ காரையே மண்ணில் ஏற்றிவிட்டு அதைச் சொன்னாய். மோசமான டிரைவர் என்று பெயர் வாங்குவதைவிட, பெண்டாட்டி உயிரோடு விளையாடுகிறவன் என்று பெயர் வாங்குவது மேல் என்று எப்படி முடிவு செய்தாய்? நானும் அவள் கடிதம் வந்ததிலிருந்து யோசிக்கிறேன், பிடிபடவில்லை.

மேட்டைப் பார்.

அக்கா

---

மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். 'நாங்கள் இருவரும்' என்று எழுதுவதற்கு முன் அவளிடம் கேட்டுக்கொண்டேன். அப்படி எழுதலாம் என்றாள். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. அவள் தன் கடிதத்தைப் படித்தாள். ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்தாள். தன் பொத்தான் டப்பாவில் போட்டு மூடினாள். அப்புறம் பென்சிலும் காகிதமுமாகப் பட்டறைக்கு வந்து சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். நான் என் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு லேத் பக்கம் நின்றேன்.

படம் முடிந்ததும் காட்டினாள். உனக்கு அனுப்ப வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. திருகு கீழே இருந்தது. காற்று மேலே நிற்கும், நான் நாலு தடவையும் கீழே திறந்து ஆயிலைத்தான் எடுத்திருக்கிறேன். வலது காலிப்பரை இடதிலும் இடதை வலதிலும் மாட்டியிருந்தேன். பழைய ஹோஸ் அப்படி மாட்டினால்தான் எட்டியது. எட்டியதே என்று சந்தோஷப்பட்டேனே தவிர, ஏன் எட்டுகிறது என்று யோசிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் லேத் பிடித்தவன் செய்கிற காரியமா இது? வீட்டில் வைத்த பெயர் லேசில் போகாது.

புது ஹோஸ் வரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு நாளும் நான் உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். வாயைத் திறப்பேன், மூடுவேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட எளிதாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலிப்பர்களை மாற்றி மாட்டிவிட்டுக் காற்றெடுக்க ஆரம்பித்தோம். அவள் சீட்டில், நான் சக்கரத்துக்கடியில். ஸ்பானரால் ஒரு தட்டு தட்டினேன். மிதி அசையவில்லை. மறுபடி தட்டினேன். மேலேயிருந்து குரல் வந்தது.

"தட்டாதீங்க. சொல்லுங்க."

சொன்னேன். அமுக்கு, பிடி, விடு. அமுக்கு, பிடி, விடு. இவ்வளவு காற்று எங்கேதான் ஒளிந்திருந்ததோ, குமிழி குமிழியாக வந்தது. முதல் சக்கரம் முடிந்தது. இரண்டாவது சக்கரத்தில், 'பிடி' என்று சொன்னதும் எனக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகம் அவளுக்குத் தெரியாது. அந்த இடம் எனக்கு வசதியாக இருந்தது போல.

"அன்னிக்கு பிரேக் பிடிக்கலை" என்றேன். "வெளயாட்டு இல்லை. மூணு தடவ அமுக்கினேன், தரை வரைக்கும் போயிடுச்சு. மண்ணு மட்டும் இல்லைன்னா..."

அவள் அழுகிறாளோ என்று நினைத்தேன். அப்புறம், "பிடிச்சிக்கிட்டே இருக்கவா, விடவா?" என்று கேட்டாள். திருகை மூடாமல் விட்டிருந்தது அப்போதுதான் நினைவு வந்தது. மூடிவிட்டு 'விடு' என்றேன்.

"அப்புறம் ஏன் சிரிச்சீங்க?"

"பயத்துல."

மிச்சக் காற்றையும் எடுத்து முடித்தோம். மிதி கல் மாதிரி ஆயிற்று. நான் சொல்லவில்லை, அவள்தான் சொன்னாள். ஆனாலும் மறுநாள் பஸ்ஸில்தான் போனாள். சாவி இன்னும் பொத்தான் டப்பாவில்தான் இருக்கிறது. நான் கேட்கவில்லை.

மேட்டைப் பார்த்தேன் அக்கா. முதல் முறை நீ சொன்னபோதே பார்த்தேன். நேரமில்லை என்று எழுதியது பொய். பக்கத்து சீட்டு மேட்டில், வலது கால் பாதம் வைக்கிற இடத்தில் கோடுகளெல்லாம் அழிந்து மழுமழுவென்று இருக்கிறது. குதிகால் இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை. என் பக்கத்து மேட்கூட அவ்வளவு தேயவில்லை. நவம்பரில் ஒரு நாளில் விழுந்த ஓட்டை இல்லை அது. கார் வாங்கிய இந்த நாலு வருஷமாக ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் அமுக்கியிருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியவே இல்லை.

உன் தம்பி

---

மே 13

அன்புள்ள தம்பிக்கு,

பெயரை மாற்றிக் கூப்பிட்டதைக் கவனி. தற்காலிகம்தான். நாங்கள் நலம். உன் கடிதத்தை அத்தான் இரண்டு தடவை படித்துவிட்டு மாடிக்குப் போனார். முழங்கால் சத்தம்கூடக் கேட்கவில்லை.

புது பேட்டும் புது டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும். அதுவரை முழுசாகப் பிடிக்காது. ஆளில்லாத சமதரைச் சாலையில் எண்பதுக்குப் போய், சீராக அமுக்கி முப்பதுக்குக் கொண்டுவா. நிறுத்திவிடாதே, மறுபடி எண்பது. இப்படிப் பத்து தடவை. பிறகு பிரேக்கைத் தொடாமல் கால் மணி நேரம் ஓட்டி ஆறவிடு. சூட்டோடு நிறுத்தி மிதியில் காலை வைத்துக்கொண்டே இருந்தால் பேட் டிஸ்கில் ஒட்டித் தழும்பாகிவிடும். இறக்கத்துக்கெல்லாம் அப்புறம்தான் போக வேண்டும். இறங்கும்போது கியரைக் குறைத்துக்கொண்டு இறங்க வேண்டும். இதை நான் உனக்கு எழுத வேண்டியிருக்கிறது பார்.

ஒரே அளவாக அமுக்குகிற கால்தான் இதற்கு வேண்டும். உங்கள் வீட்டில் அப்படிப்பட்ட கால் யாருடையது என்று உனக்கே தெரியும். அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை.

உன் அக்கா

---

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உங்கள் இருவர் சுகத்தையும் நேரிலேயே பார்த்துக்கொள்கிறோம், விவரம் கீழே.

உன் கடிதத்தை நான் படித்துவிட்டு மேஜையில் விரித்தே வைத்தேன். அடுத்தவர் கடிதம் படிப்பதில்லை என்பதால் அவள் அதைத் தாண்டித் தாண்டிப் போனாள். கடைசியில் நானே வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். 'அந்தக் கால் யாருடையது' என்கிற இடம் வந்ததும் துணி மடிப்பதை நிறுத்தினாள். உள்ளே போனாள், பொத்தான் டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டது. நான் கையை நீட்டினேன். சாவியைத் தராமல் என்னைத் தாண்டி வெளியே போய்விட்டாள்.

அந்தக் காரில் பக்கத்து சீட்டில் நான் உட்கார்வது அதுதான் முதல் தடவை. எனக்குத் தெரிந்த கார் இல்லை அது. சாலை ரொம்ப அருகில் வருகிறது, எதிரே வருகிற வண்டியெல்லாம் என் மடிமேலேயே வருகிறது, கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. இருநூறு குதிரை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே, அது எத்தனை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பத்து தடவையையும் அவள் எண்ணிக்கொண்டே செய்தாள். தையல் போடுகிற மாதிரி, ஒவ்வொன்றும் ஒரே அளவு. புது பேட்டின் வாசனை வந்தது. ஆறவிட்டோம். பிறகு, என்னைக் கேட்காமலேயே, தண்ணீர்த்தொட்டி பக்கம் திருப்பினாள்.

கியரைக் குறைத்துக்கொண்டுதான் இறங்கினாள். நீ எழுதியதற்கு மேலேயே நிதானம். மண்குவியல் இருந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை, அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தத் திருப்பம் வந்தது. அவள் லேசாக அமுக்கினாள், கார் சொன்னபடி கேட்டது, எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஆனால் என் வலது கால் மட்டும் ரப்பர் மேட்டை அந்தத் தேய்ந்த இடத்திலேயே பலம்கொண்ட மட்டும் அமுக்கிக்கொண்டிருந்தது. நான் அமுக்கவில்லை அக்கா, அதுவாகவே அமுக்கிற்று. குதிகால் அந்த ஓட்டையில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கவனித்துவிட்டாள். ஆறு மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்றைப் பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை அங்கே வருகிறோம். அவள்தான் ஓட்டி வருகிறாள். புது மேட் வாங்கலாம் என்றேன், வேண்டாம் என்றாள். நீ பிழைப்புக்குத் தேய்மானம் பார்க்கிறவள், வந்ததும் அதைப் பார். அதில் அவள் தேய்த்தது எவ்வளவு, நான் தேய்த்தது எவ்வளவு என்று உன்னால் சொல்ல முடியும்.

இறக்கத்தில் அவள் சொன்னதை எழுதாமல் விட்டுவிட்டேனே. என் காலைப் பார்த்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"அந்தப் பக்கம் பிரேக் இல்லைங்க. நாலு வருஷமா நான் அமுக்கிப் பாத்துட்டேன்."

உன் தம்பி